அதே பெயர், அதே பாஸ்வேர்டு

அத்தியாயம் 14

கம்ப்யூட்டர் வந்திறங்கி இரண்டு நாளாகியும் அதற்குள் நெட் ஏறவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து கம்பெனி வேனில் கொண்டுவந்தவர்கள் சின்ன அறை மேஜைமேல் எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டு, "வைஃபைல ஓட்டக்கூடாது மேடம். ஒயர் போட்டுத்தான் ஓட்டணும். ஆபீஸ் ரூல்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். சுதா ஒயரை ஹாலில் இருந்த பிராட்பேண்ட் பெட்டியில் செருகிப் பார்த்தாள். பிடுங்கி மறுபடி செருகினாள். எல்லா ஓட்டையிலும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். போனில் நெட் வந்தது. கம்ப்யூட்டரில் மட்டும் வருவேனா என்றது.

இன்று திங்கட்கிழமை. மதியம் இரண்டு மணிக்குச் சுதாவின் புது வேலைக்கான பயிற்சி, வீட்டிலிருந்தே. கேமராவில் முகம் தெரிய வேண்டும். முதல் நாள் வராதவர்களுக்கு இரண்டாம் நாள் கிடையாது என்று மெயிலிலேயே போட்டிருந்தார்கள்.

அந்தப் புதுக் கம்ப்யூட்டரைப் பார்க்கும்போதெல்லாம் சுசீலா பார்வையைத் திருப்பிக்கொண்டாள். சுதாவின் பழைய லேப்டாப் என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரியும்.

சுதா, சுசீலாவின் தங்கை வடிவின் மகள். மூன்று வாரத்துக்கு முன்னால், பால் பாக்கெட் வருவதற்கும் முன்னால், ஒரே ஒரு கைப்பையோடு சென்னீர்குப்பத்திலிருந்து கிளம்பி வந்து கொரட்டூரில் இந்த முதல் மாடி வாசலில் நின்றவள். அவள் கணவன் பிரசன்னா கத்துகிற ஆள் இல்லை. அதட்டிக்கூடப் பேசமாட்டான். ஆபீஸ் மீட்டிங்கில் யாரோ ஒருவன் "சூப்பர் சுதா" என்று சொன்னது அவன் காதில் விழுந்தது. மீட்டிங் முடியும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தான். முடிந்ததும் லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு போய், சம்ப் மூடியைத் திறந்து, தண்ணீருக்குள் மெல்ல விட்டான். தளும்பிச் சிந்திய தண்ணீரைத் துணி வைத்துத் துடைத்தான். அப்புறம் உள்ளே வந்து, "கதவு இடுக்குல கை வை" என்றான்.

சுதாவின் வலது கையில் இரண்டு விரல்கள் இன்னும் முழுதாக மடங்குவதில்லை.

போன வாரம் அவன் சுசீலாவுக்குப் போன் செய்தான். "சுதா அங்க வந்தாளா அத்தை? உங்களுக்கு வீண் டென்ஷன் வேணாம்னுதான் இத்தனை நாள் கேக்கல." இல்லையே என்றாள் சுசீலா. "சரி அத்தை, மாத்திரை எல்லாம் டயத்துக்கு சாப்பிடுங்க" என்று வைத்துவிட்டான். மறுநாளே திருத்தணியில் வடிவின் வீட்டுக்குப் போய், பீரோவைத் திறந்து பார்க்கலாமா என்று சிரித்தபடி கேட்டிருக்கிறான்.

அக்கம்பக்கத்துக்குச் சுசீலா சொல்லிவைத்த கதை வேறு. "மாப்பிள்ளை ஆபீஸ் விஷயமா புனே போயிருக்கார். நானும் தனியா கெடக்கறேனேன்னு இவ துணைக்கு வந்திருக்கா." கீழ்வீட்டு இருதயராஜிடமும் இதையேதான் சொன்னாள். அவரும் சுசீலாவின் கணவர் கஜபதியும் ஆவடி ஃபாக்டரியில் ஒரே செக்ஷனில் வேலை பார்த்தவர்கள். ரிட்டயர் ஆனதும் பேசிவைத்துக்கொண்டு ஒரே கட்டடத்தில் வீடு வாங்கினார்கள். போன ஐப்பசியில் கஜபதிக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆம்புலன்ஸில் கூட ஏறியவர் இருதயராஜ்தான். திரும்பி வரும்போது சுசீலாவின் கைப்பையையும் கஜபதியின் செருப்பையும் அவர்தான் சுமந்துகொண்டு வந்தார். அப்படிப்பட்டவரிடம் பொய் சொன்னது உறுத்தத்தான் செய்தது. ஆனால் பெற்ற மகள் மாதிரி இருக்கிறவளின் குடும்ப விவகாரத்தை எந்த வாயால் சொல்வது?

பெட்டியில் ஒட்டியிருந்த புகார் எண்ணுக்குச் சுசீலாவே காலையில் போன் செய்தாள். பதினொரு மணிவாக்கில் காலிங்பெல் அடித்தது.

சுதா எழுந்து சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெல் அடித்தால் அப்படிச் செய்வது இந்த மூன்று வாரத்தில் இருவருக்கும் பழகிவிட்டது. சுசீலா கதவின் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தாள். முதுகில் பை, தோளில் ஒயர்ச் சுருள்.

"யாரு?"

"நெட்டு கம்ப்ளெய்ன்ட்டு குடுத்துட்டு நீயே யாருன்னா இன்னாம்மா பண்றது? உதயகுமாரு. தொறம்மா, கை நோவுது."

திறந்தாள். அவன் நேராக டிவிக்கு மேலிருந்த பெட்டியிடம் போனான். ஒயரைச் செருகினான், உதட்டைப் பிதுக்கினான்.

"போன மழைக்கு இங்க இடி ஏதாச்சும் வுழுந்துச்சா?"

"ஏரிப் பக்கம் விழுந்துதுன்னாங்க."

"அதான். ஒயர் போடற ஓட்டை எல்லாம் காலி. வைஃபை மட்டும் உசுரோட கீது. பொட்டியையே மாத்திடலாம், புச்சு வண்டில கீது."

மாற்றிவிடலாம் என்று அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். சுசீலாவுக்குத்தான் என்னவோ போல் ஆயிற்று.

கஜபதிக்குத் தனிவீடு கட்டி, வாசலில் கல்லில் பெயர் வெட்டி வைக்க வேண்டுமென்று வெகுநாள் ஆசை. கிடைத்தது ஃபிளாட். அதில் எஃப் டூ என்று எண்தான் இருந்தது. அதனால் பிராட்பேண்ட் போட்ட அன்று வைஃபைக்கு 'கஜபதி இல்லம்' என்று பெயர் வைத்தார். "கல்லுல எழுதலன்னா என்ன, காத்துல எழுதிட்டேன் பாத்தியா" என்றார். பாஸ்வேர்டு அவருடைய பழைய ஸ்கூட்டரின் நம்பர்.

அவர் போனபிறகு சுசீலாவுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. கடைக்குப் போய்த் திரும்பும்போது, கீழே படிக்கட்டுப் பக்கம் தண்ணீர் மோட்டார் சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஒரு நிமிஷம் நிற்பாள். சரியாக அங்கே வந்ததும் போன் தானாக வைஃபையைப் பிடிக்கும். திரையில் அவர் பெயர் வரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் படியேறுவாள். மேலே யாரோ வீட்டில் இருப்பது போல இருக்கும்.

புதுப் பெட்டியை மாட்டிவிட்டு உதயகுமார் கேட்டான்: "பேரு, பாஸ்வேர்டு புச்சா போட்டுடவா? அதான் நல்லது. பழசு எவன் எவன் போன்ல கீதோ."

"வேணாம்பா. அதே பேரு, அதே பாஸ்வேர்டு இருக்கட்டும்."

"பாஸ்வேர்டாவது மாத்திக்கம்மா."

"அதுவும் அவர் வெச்சதுதான்."

அவன் ஏறிட்டுப் பார்த்தான். சுவரில் மாலை போட்ட போட்டோ இருந்தது. மேற்கொண்டு எதுவும் கேட்காமல் பழைய பெயரையே அடித்தான்.

"இந்தப் பொட்டிக்கு ஆப்பு ஒண்ணு கீதும்மா. யாரு போனு உங்க நெட்ல சேந்தாலும் உனக்கு டிங்குன்னு சொல்லும். உன் போன குடு, ஏத்திட்றேன். பாரு, இப்ப என் போன சேக்கறேன்."

டிங் என்றது. 'உதயா கெத்து இணைந்துள்ளது' என்று திரையில் வந்தது.

"அது இன்னா பேருப்பா?" சுசீலா சிரித்தேவிட்டாள். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்ததில் அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"போனுக்காவது கெத்து இருக்கட்டும்னு வெச்சுகினேன்மா."

ஒயரைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டு சின்ன அறைக்குப் போனான். சுதா வேறு வழியில்லாமல் கதவைத் திறந்தாள். ஐந்து நிமிஷத்தில் உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"பெரியம்மா! வந்துடுச்சு!"

சுசீலா ஓடிப்போய்ப் பார்த்தாள். திரையில் கம்பெனியின் பெயர் பெரிதாக வந்திருந்தது. சுதா மடங்காத விரல்களை நீட்டிக்கொண்டு மற்ற விரல்களால் தட்டிக்கொண்டிருந்தாள். காதில் ஹெட்போன். கல்யாணத்துக்கு முன்பு சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

"ஓடிபி வந்துருக்கும், சொல்லும்மா. கம்ப்ளெய்ன்ட்ட மூடணும்" என்றான் உதயகுமார் பையை மாட்டிக்கொண்டே.

சுசீலா போனைப் பார்த்தாள். எதுவும் வரவில்லை.

"உன் நம்பருக்கு வராது. கனெக்சன் எடுத்தப்ப எந்த நம்பர் குடுத்தீங்களோ அதுக்குத்தான் வரும்." தன் போனைப் பார்த்தான். "கடசி நாலு, நாப்பத்திநாலு எழுபத்தியொண்ணு."

"அவரோட நம்பர் அது இல்லியே."

அறைக்குள் தட்டச்சுச் சத்தம் நின்றது. சுதா ஹெட்போனைக் கழற்றினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

சுசீலாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இதே ஹால். இரண்டு வருஷத்துக்கு முன்னால். புதுமாப்பிள்ளையாகத் தலையாட்டியபடி பிரசன்னா உட்கார்ந்திருந்தான். தெரிந்த ஆள் மூலமாக நெட் கனெக்ஷன் ஏற்பாடு செய்து தந்ததே அவன்தான். சும்மா சும்மா லோன் வேண்டுமா, கார்டு வேண்டுமா என்று கூப்பிடுகிறார்கள் என்று கஜபதி யாருக்கும் தன் நம்பரைத் தரமாட்டார். "உங்க நம்பரையே போட்டுடுங்க மாப்பிள்ளை. நமக்குள்ள என்ன?" சுசீலா காபி டம்ளரோடு நின்று அதைக் கேட்டாள். ஒரு வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டு அவர் போய்ச் சேர்ந்ததில், அதற்கப்புறம் அந்த நம்பரைப் பற்றி யாரும் நினைக்கவே இல்லை.

"தம்பி, வேணாம். போன் பண்ணா..."

உதயகுமார் ஏற்கெனவே போட்டுவிட்டான். ஸ்பீக்கரில்.

"சார், நெட்டு ஆபீஸ்லேர்ந்து. ஒரு ஓடிபி வந்துருக்கும் பாருங்க."

"எந்த வீட்டுக்கு பாஸ்?"

அந்தக் குரல் ஹாலில் எழுந்தபோது சுதா அறைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"கொரட்டூரு சார். கஜபதின்னு கீது."

"ஓ, எங்க பெரிய மாமனார் வீடு. என்ன பிராப்ளம்?"

சுசீலா கையால் வேண்டாம் வேண்டாம் என்று காட்டினாள். பணம் ஏதும் கேட்பார்களோ என்று கிழவி பயப்படுகிறாள் என உதயகுமார் நினைத்திருக்க வேண்டும். ஒன்றுமில்லை என்று கண்ணாலேயே அவளுக்குத் தைரியம் சொன்னான்.

"பொட்டி மாத்துனேன் சார். புது கம்ப்யூட்டர் வந்துகீது, அதுக்கு ஒயர் போட்டாச்சு. சூப்பரா ஓடுது."

"கம்ப்யூட்டரா? அத்தைக்கு எதுக்கு கம்ப்யூட்டர்?"

"அம்மாவுக்கு இல்ல சார். அக்கா ஒண்ணு ஊட்லேர்ந்தே ஆபீஸ் வேலை பாக்குது."

அந்தப் பக்கம் எங்கோ லாரி ஹாரன் கேட்டது.

"அப்படியா. ரொம்ப சந்தோஷம் பாஸ். நம்பர் சொல்றேன், எழுதிக்கங்க."

ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி, தெளிவாகச் சொன்னான். "நல்லா செஞ்சு குடுத்திருக்கீங்க, தேங்க்ஸ்" என்று வைத்தான்.

"நல்ல மனுசன்மா. சில பேரு ஓடிபி கேட்டாலே வள்ளுன்னு வுழுவாங்க" என்று சொல்லிவிட்டு உதயகுமார் படியிறங்கினான்.

சுசீலா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். இரண்டு பூட்டும் போட்டாள். சாவி கீழே விழ, குனிந்து தேடி எடுத்தாள்.

"கெளம்புடி. முகப்பேர்ல நாத்தனார் வீடு இருக்கு. பொன்னம்மாள் ஒண்ணும் கேக்க மாட்டா. ஆட்டோ புடிச்சா கால் மணி."

"அங்க ஒயர் போட்ட நெட் இருக்கா பெரியம்மா?"

"உயிர் முக்கியமா, நெட் முக்கியமா?"

சுதா சுவரோரமாக வந்து தரையில் உட்கார்ந்தாள். பேசும்போது குரல் உடைந்தது, ஆனால் வார்த்தை தடுமாறவில்லை.

"என்னை விட்டா நீ எங்க போவன்னு தெனம் கேப்பான் பெரியம்மா. திட்டற மாதிரி இல்ல, நெஜமாவே தெரிஞ்சுக்கணும்ங்கற மாதிரி. இந்த வேலை போச்சுன்னா எனக்கே பதில் தெரியாது."

"போலீஸுக்குச் சொல்லலாமா?"

"என்னன்னு? ஓடிபி சொன்னாருன்னா?"

சென்னீர்குப்பத்திலிருந்து பூந்தமல்லி, அங்கிருந்து பைபாஸ். வண்டியில் எவ்வளவு நேரம் ஆகும் என்று மனசு கணக்குப் போட்டது. இன்றைக்கு அவனுக்கு வேலை நாள், வரமாட்டான் என்றும் அதே மனசு சொன்னது.

படிக்கட்டின் அடியில் கம்பிக்கதவு ஒன்று உண்டு. பகலில் யாரும் பூட்டுவதில்லை. சுசீலா இறங்கிப்போய் அதைப் பூட்டினாள். இருதயராஜ் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அசோசியேஷன் செகரட்டரி அவர். கம்பிக்கதவின் இன்னொரு சாவி அவரிடம்தான் இருக்கும்.

"என்னம்மா, பட்டப்பகல்ல பூட்டுத?"

சொல்லிவிடலாம். அந்தக் கணம் வார்த்தை வாய்வரை வந்தது. அவருக்குப் பின்னால் அவர் மனைவி ராணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மேல்வீட்டுக்காரர் பைக் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சேல்ஸ்காரங்க தொல்லைண்ணே. பெல் அடிச்சுக்கிட்டே இருக்காங்க."

"அதுவும் சரிதான்" என்று அவர் பேப்பருக்குத் திரும்பினார்.

பின்னாளில் அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் சுசீலாவுக்கு முதலில் ஞாபகம் வருவது பிரசன்னாவின் குரல் அல்ல. பேப்பருக்குப் பின்னால் போன அந்த முகம்தான்.

இரண்டு மணிக்குச் சுதா தலைவாரி, பொட்டு வைத்து, கேமராவின் முன் உட்கார்ந்தாள். வெந்த சோறு குக்கரிலேயே இருந்தது. சுசீலா ஹாலில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். தண்ணி கேன்காரன். கூரியர். ஸ்கூல் வேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் கொஞ்சம் நம்பவும் தொடங்கினாள். ஒரு வாய் மோர் குடிக்கலாம் என்று சமையலறைக்குள் போனாள்.

டிங்.

கையில் டம்ளரோடு நின்றாள். உதயகுமார் எதற்காவது திரும்பி வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டே போனைத் திருப்பினாள்.

'பிரசன்னா இணைந்துள்ளது.'

காலிங்பெல் அடிக்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை. பைக் சத்தம்கூட வரவில்லை. தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்க வேண்டும். அவன் பையிலிருந்த போன் மட்டும், இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கிக்கொண்ட அதே பெயரையும் அதே பாஸ்வேர்டையும் நினைவு வைத்திருந்து, தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

அவன் எங்கே நிற்கிறான் என்று சுசீலாவுக்குத் தெரியும். கீழே மோட்டார் சுவிட்ச் பக்கம். அவள் தினமும் நிற்கிற இடம். அவர் வீட்டில் இருக்கிறார் என்று தினமும் அவளுக்குச் சொன்ன அந்தப் பெயர், இப்போது அவனையும் வா என்று சேர்த்துக்கொண்டிருந்தது.

சத்தமில்லாமல் நடந்து சின்ன அறையை எட்டிப் பார்த்தாள். திரையில் யாரோ ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். சுதா நிமிர்ந்து உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தாள். சுசீலா அறைக்கதவைப் பூப்போலச் சாத்தினாள். ஹாலின் மறுகோடிக்கு வந்து இருதயராஜின் நம்பரை அழுத்தினாள்.

"அண்ணே, சுசீலா பேசறேன்."

"யம்மா, நானே கூப்பிடணும்னு நெனச்சேன். இவருதான் கூடாதுன்னுட்டாரு." அவர் சிரித்தார். "உங்க மாப்பிள்ளை வந்திருக்காரும்மா! இந்தா, மோட்டார் பக்கத்துலதான் நிக்காரு. புனேல இருந்து நேரா வாரீங்களா, அங்க மழையான்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, ஆமா நல்ல மழைன்னாரு. சுதாவுக்குச் சொல்லாம மேல போய் நிக்கணுமாம். நானும் ஓட்டைவாய், உளறிட்டேன் பாத்தியா."

புனே. அந்தக் கதையை அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. இருதயராஜ் கேட்ட ஒரே கேள்வியில் மொத்தத்தையும் அவன் புரிந்துகொண்டிருப்பான்.

"அண்ணே, கம்பிக்கதவு சாவி..."

"அதான் கேட்டாரு. உள்ள போய் எடுத்தாந்துட்டேன், கையிலதான் இருக்கு. குடுக்கட்டா?"

சுசீலா சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். மூன்று வாரமாக மூடி வைத்திருந்தது, வெளியே வரும்போது வெறும் காற்றாகத்தான் வந்தது. அவளே இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"குடுக்காதீங்க. அவன் புனே போகலண்ணே. நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். சுதாவோட விரல கதவு இடுக்குல வெச்சு நசுக்கினது அவன்தான். அவளக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கான். சாவி குடுக்காதீங்கண்ணே."

மறுமுனையில் அவர் மூச்சு விடுவது கேட்டது. அதற்கும் அப்பால், கொஞ்சம் தள்ளி, மென்மையான அந்தக் குரல்:

"அத்தை என்ன சொல்றாங்க சார்?"

இருதயராஜ் நம்பினாரா? நல்ல மாப்பிள்ளை என்று எத்தனை தடவை அவரே சொல்லியிருக்கிறார். சுசீலா கண்ணை மூடிக்கொண்டாள்.

"தொட்டில தண்ணி இல்லியாம், மோட்டார் போடச் சொல்லுதா" என்றார் இருதயராஜ். அவர் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. "எடுத்தாந்தது வேற சாவி போலிருக்கு தம்பி. கம்பிக்கதவு சாவி உள்ள எங்கயோ கெடக்கு. வாங்க, ஒக்காந்து ஒரு காபி குடிங்க, தேடுவோம்."

"பரவால்ல சார். உங்க கையில இருக்கறதையே போட்டுப் பாக்கறேன், குடுங்க."

போன் துண்டிக்கப்பட்டது.

சுசீலா திரையைப் பார்த்தாள். 'பிரசன்னா' அப்படியே இருந்தது, பக்கத்தில் பச்சைப் புள்ளியோடு. சாத்திய அறைக்குள்ளிருந்து சுதாவின் குரல் உற்சாகமாக எழுந்தது.

"கேக்குது மேடம், நல்லா கேக்குது."

கீழே கம்பிக்கதவு ஒருமுறை குலுங்கியது.